லண்டன் தொழிலாளர் மாதிரிக் குடியிருப்புகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், லண்டன் மாநகரில் உழைத்துப் பிழைத்த குடும்பங்களுக்காகத் தனியார் சங்கங்கள் நிர்மாணித்த அடுக்குமாடிக் கட்டடங்கள் இப்பெயரால் வழங்கின. ஓர் அறையில் பல குடும்பங்கள் ஒண்டியிருந்த அவலமும், காலராவின் கொடுமையும், 1842இல் எட்வின் சாட்விக் வெளியிட்ட சுகாதார அறிக்கையும் கனவான்களின் மனச்சாட்சியை உறுத்தின. அவ்வறிக்கைக்கும் முன்பே, 1841இல் தோன்றிய முதற்சங்கம், பங்குதாரருக்கு ஆண்டுக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் லாபம் அளிப்பதில்லை என்று விதித்துக்கொண்டது. தர்மமும் வட்டியும் ஒரே பேரேட்டில் ஏறிய விசித்திரம் இது.

1844இல், பின்னாளில் ஷாப்ட்ஸ்பரி பிரபுவான ஆஷ்லியின் முயற்சியால், ஆல்பர்ட் இளவரசரைத் தலைவராகக் கொண்டு எழுந்த இரண்டாவது சங்கத்துக்கு ஹென்றி ராபர்ட்ஸ் கட்டடக் கலைஞராக வாய்த்தார். ஸ்ட்ரீத்தம் தெருவில் 1850இல் முற்றுப்பெற்ற அவரது கட்டடமே இவ்வகையின் சிகரம் எனலாம். அக்காலத்தில் ஜன்னல்களுக்கு வரி உண்டு. பொதுப் படிக்கட்டை உள்ளே கொண்ட கட்டடம் முழுவதும் ஒரே வீடாகக் கணிக்கப்பட்டு வரிக்கு உள்ளாகும். ஜன்னல் குறைந்த சிறு வீட்டுக்கோ வரி இல்லை. ஆகவே ராபர்ட்ஸ், ஒவ்வொரு குடும்பத்தின் வாயிலும் திறந்த தாழ்வாரத்தை நோக்குமாறு அமைத்து, ஒவ்வொன்றும் தனி வீடே என்று வாதிக்க இடம் செய்தார். வரிக்கு அஞ்சிச் செய்த உபாயம் காற்றையும் வெளிச்சத்தையும் கொண்டுவந்தது. அவ்வரியோ மறு ஆண்டே ஒழிந்தது. அதே 1851இல் நடந்த மகா பொருட்காட்சியையொட்டி, துளைச் செங்கற்களால் நான்கு குடும்பங்களுக்கு அவர் கட்டிய மாதிரி வீட்டில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று படுக்கையறைகளும் தனிக் கழிப்பறையும் இருந்தன.

அமெரிக்க வணிகர் ஜார்ஜ் பீபாடி 1862இல் அளித்த 1,50,000 பவுன் நன்கொடை, பின்னர் அவராலேயே 5,00,000 பவுனாகப் பெருகியது. அவரது தர்மஸ்தாபனம் 1864இல் ஸ்பிட்டல்பீல்ட்ஸில் முதற்கட்டடத்தைத் திறந்தது. கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் பொதுவில் இருந்ததையும், சிறைச்சாலையை நிகர்த்த தோற்றத்தையும் சிலர் பழித்தனர். முன்பிருந்த சந்துகளின் நாற்றத்தை நினைத்தால், அவை பொறுக்கத்தக்க குறைகளே. வாரந்தோறும் தவறாமல் வாடகை செலுத்த இயலாத அன்றாடக் கூலிகளுக்கு இங்கே இடம் கிடைப்பது அரிதாயிற்று.

தொழிலாளர் வீட்டுவசதி பற்றிய 1890இன் சட்டத்துக்குப் பின், மாநகர ஆட்சிமன்றமான லண்டன் கவுண்டி கவுன்சிலே வீடு கட்டத் தொடங்கி, 1900இல் பவுண்டரி தெருக் குடியிருப்பைத் திறந்தது. ஸ்ட்ரீத்தம் தெருக் கட்டடம் பார்னல் இல்லம் என்ற பெயருடன் இன்றும் குடியிருப்பாகவே உள்ளது.