பாபிலோனியர் கண்ட உலகத் தோற்றம்

உலகம் யாங்ஙனம் தோன்றிற்று என்னும் வினா எந்நாட்டு மக்கட்கும் பொதுவாயதொன்று. அவ்வினாவிற்கு விடையாக முன்னையோர் வழங்கிய கதைகளை ஆராயப்புகுவார், கதைப்பொருளை அறிந்த அளவில் அமையாது, அஃது எவ்விடத்து, எவர்பொருட்டு ஓதப்பட்டது என்பதனையும் உடன்நோக்குதல் வேண்டும். இவ்வுண்மையை இனிது விளக்குவது பாபிலோனியரது படைப்புக் காதையாகும்.

அசீரியரின் தலைநகராய்த் தைகிரீசு ஆற்றங்கரையில் விளங்கிய நினிவே, கி. மு. 612-இல் பகைவரால் அழிந்தது. கி. பி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் லேயார்டு, ரசாம் என்போர் அந்நகரின் மண்மேடுகளை அகழ்ந்தபொழுது, அசூர்பானிபால் என்னும் வேந்தன் தொகுத்த நூல்நிலையத்துக் களிமண் ஏடுகள் பல்லாயிரம் வெளிப்பட்டன. இளமையில் செதுக்குத்தொழில் பயின்று, ஆப்புவடிவ எழுத்தைத் தம் முயற்சியாற் கற்றுத் தேர்ந்த ஜார்ஜ் ஸ்மித் என்பார், உடைந்த துண்டுகளைப் பொருத்திப் படித்து, இக்காதையை 1876-இல் வெளியிட்டார். ஏழு ஏடுகளாலாகிய இந்நூல், தன் முதற்சொற்களையே பெயராகக்கொண்டு 'எனூமா எலிஷ்' என வழங்குகின்றது.

வானும் நிலனும் பெயர்பெறாத காலத்தில் நன்னீராகிய அப்சுவும், உவர்நீராகிய தியாமத்தும் தம்முட் கலந்திருந்தன என்று இந்நூல் தொடங்குகின்றது. இல்பொருளினின்று உலகு வந்ததென்று இது கூறாமை கருதத்தக்கது. அவ்விரு நீரினின்றும் தேவர்கள் பிறந்தனர். அவர்தம் ஆரவாரத்தைப் பொறாது அவர்களை அழிக்கக் கருதிய அப்சுவை ஏயா என்னும் தேவன் கொன்றான். பின்னர்த் தியாமத் பதினொரு வகைக் கொடிய உயிர்களைப் படைத்துப் போர்க்கு எழுந்தாள். தேவர் அஞ்சி நிற்ப, ஏயாவின் மைந்தன் மார்துக், 'யான் வெல்வேனாயின் என் சொல்லே யாவர்க்கும் ஆணையாதல் வேண்டும்' என்னும் உடன்படிக்கையோடு சென்று அவளை வென்றான். அவள் உடலை இருகூறாக்கி, ஒரு கூற்றை வானமாக நிறுத்தினான். தியாமத்தின் படைத்தலைவன் கிங்குவின் குருதியினின்று, தேவரது உழைப்பைத் தாங்குதற்பொருட்டு, மக்கள் ஆக்கப்பட்டனர். தேவர்கள் பாபிலோன் நகரையும் அதன் கோயிலையும் எடுத்து, மார்துக்கை ஐம்பது திருப்பெயர்களாற் போற்றினர் என நூல் முடிகின்றது.

ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. பண்டு அந்நாட்டில் தேவர்க்குத் தலைவனாக எண்ணப்பட்டவன் நிப்பூர் நகரத்து எண்லில் ஆவன். கி. மு. பதினெட்டாம் நூற்றாண்டில் அமுராபி அரசனாற் பாபிலோன் ஏற்றமுற்ற பின்னரே, அந்நகர்க்குரிய மார்துக்கும் படிப்படியாக உயர்ந்தான். நகரின் மேன்மையை உலகின் தொடக்கத்தோடு பிணித்து நிலைபெறுவித்ததே இக்காதையின் பயன். ஆதலின், ஆண்டுதோறும் புத்தாண்டு விழாவின் நான்காம் நாள் மாலையில், பூசகர் இதனை மார்துக்கின் திருமுன்னர் ஓதி வந்தனர்.

இதன் வலிமையைப் பகைவரும் உணர்ந்திருந்தனர். கி. மு. 689-இல் அசீரிய வேந்தன் சனகெரிப் பாபிலோனைப் பாழாக்கினான். அசீரியர் இக்காதையை அழித்தொழித்தாரல்லர். மார்துக்கின் பெயரை நீக்கித் தம் தெய்வமாகிய அசூரின் பெயரைப் பெய்தனர். அசூரை அவர்கள் அன்ஷார் என்னும் முதிய தேவனோடு ஒன்றாகக் கொண்டமையின், போர்க்கு ஏவிய மூதாதையும் ஏவப்பட்ட வீரனும் ஒரே பெயரினராகிக் கதை நிரம்பாதாயிற்று. வாளால் நகரை வென்றோர்க்கு ஏட்டை வெல்லுதல் எளிதாகவில்லை.

சனகெரிப் கி. மு. 681-இல் தன் புதல்வராற் கொலையுண்டான். அவன்பின் அரசெய்திய மகன் எசரத்தோன் பாபிலோனை மீளக் கட்டுவிக்கத் தொடங்கினான். அவ்வெசரத்தோனின் மகனே மேற்கூறிய அசூர்பானிபால். அவனது நூல்நிலையத்திற் கிடைத்த படிகளிலோ, வெற்றி கொண்டவன் மார்துக்கே. பாட்டன் அழித்த நகரின் புகழைப் பெயரனது ஏடே காத்து, இருபத்தைந்து நூற்றாண்டின் பின் உலகிற்கு அளித்தது. அரசர் ஆணையால் மாற்றப்பட்ட பெயர் நில்லாதொழிய, கற்றோர் பிழையறப் பெயர்த்தெழுதிய பழம்பாடமே நின்றது என்க.