மூப்பரும் கங்காணியும்
மாத்தளைப் பக்கம் பிரெஸ்பிட்டேரியன் சபையார் மூப்பரை இப்போது 'எல்டர்' என்கிறார்கள். 'மூப்பர்' ஒதுங்கிப்போவது எனக்கு வருத்தமே. பிரெஸ்பிட்டேரியன் என்ற பெயரே மூத்தவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் பிறந்தது. நம் மூப்பு, மூத்தோர் அதற்கு அச்சாகப் பொருந்தும். வயதைச் சொன்ன சொல், சபையில் பொறுப்பைச் சொல்லலாயிற்று. அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்தில் பவுல் வரவழைத்த மூப்பர்களையே தமிழ் வேதாகமம் கண்காணிகள் என்றும் அழைக்கிறது. மேய்ப்பரைச் சுட்டிய அந்தச் சொல்தான் கோப்பித் தோட்டக் காலத்தில், மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியே ஆள் கூட்டிவந்து கடன்கணக்குப் பிடித்த கங்காணிக்கும் பெயர். மலையகக் காதில் அது இன்னும் உறுத்தும். ஆகவே லயக் காம்பராவில், நோயாளியின் பாயருகே முழந்தாளிட்டு ஜெபிக்கிறவரை மூப்பர் என்றே அழைப்போம்.