வீட்டில் செய்த பிஸ்டலில் ஒரு பின் உடைந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் ‘கோஸ்ட் கன்’ விதி: முழு விளக்கம்

தீக்குச்சி நீளம்கூட இல்லாத ஓர் இரும்பு பின். அது பாதியில் உடைந்து, பிஸ்டலின் ஓட்டைக்குள் மாட்டிக்கொண்டது. வெளியே எடுக்க முடியவில்லை. ‘சரி, ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோவோம்’ என்று ஒருவர் கிளம்புகிறார்.

துப்பாக்கி கம்பெனியில் தயாரானது என்றால் இதில் பெரிய செய்தி எதுவும் இல்லை. ஆனால், அது அவரே கிட் வாங்கி வீட்டில் பூட்டிய, வரிசை எண்ணே இல்லாத துப்பாக்கி. கடையில் ஒரு இரவு தங்கினால் போதும். திரும்பி வரும்போது அதன் மேல் ஒரு எண் பொறிக்கப்பட்டிருக்கும்.

ஏன் அப்படி? அமெரிக்காவில் பல வருடங்களாக நடக்கும் ‘கோஸ்ட் கன்’ சண்டையின் மையமே இந்தக் கேள்விதான்.

கோஸ்ட் கன் என்றால் என்ன?

‘பேய்த் துப்பாக்கி’ என்று பெயர் வைக்கக் காரணம் எளிது. சுடும், ஆனால் யாருடையது என்று தேட வழியில்லை. கம்பெனித் துப்பாக்கியில் இருக்கும் வரிசை எண் இதில் இருக்காது.

அமெரிக்க மத்திய சட்டப்படி, துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லாத ஒருவர், சொந்த உபயோகத்துக்காக வீட்டிலேயே துப்பாக்கி செய்துகொள்ளலாம். அதற்கு லைசென்ஸ் வேண்டாம். விற்பதையே தொழிலாக வைத்திருந்தால்தான் லைசென்ஸ் தேவை. இந்த இடைவெளியில்தான் கிட் வியாபாரம் வளர்ந்தது. முக்கால்வாசி முடிந்த பாகங்கள் ஒரே பெட்டியில் வரும். மிச்ச வேலையை வாங்கியவர் முடித்துக்கொள்ள வேண்டும்.

சின்ன பாகம் ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது?

துப்பாக்கியில் பல பாகங்களைப் பிடித்து வைத்திருப்பது சின்னச் சின்ன பின்களும் ஸ்பிரிங்குகளும்தான். இதில் ஒரு வகை பின், ஸ்பிரிங் எஃகுத் தகட்டைக் குழாய் மாதிரி சுருட்டிச் செய்தது. ஓட்டையைவிட ஒரு இம்மி பெரிதாக இருக்கும். அழுத்தி உள்ளே தள்ளினால், விரியப் பார்த்து தன்னைத்தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பசையும் இல்லை, மரையும் இல்லை, வெறும் அழுத்தம்தான்.

நல்ல குணம்தான். ஆனால் உடைந்தால் அதுவே வினை. உள்ளே மாட்டிய துண்டைப் பிடிக்க வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. பின் கெட்டியான எஃகு. அதைச் சுற்றியுள்ள பாகம் பல பிஸ்டல்களில் பிளாஸ்டிக் அல்லது அலுமினியம். பலவந்தமாக எடுக்கப் போனால் முதலில் கெடுவது பின் இல்லை, ஓட்டைதான்.

ஓட்டை பெரிதானால்? அடுத்து போடும் பின் நிற்காது, மெல்ல நழுவும். அந்த பின் பிடித்திருப்பது டிரிகர் சம்பந்தப்பட்ட பாகமாக இருந்தால், துப்பாக்கி தானாகச் சுடலாம், அல்லது சுட வேண்டிய நேரத்தில் சுடாமல் போகலாம். கம்பெனித் துப்பாக்கியில் இந்த ஓட்டைகளை மெஷின் அளவெடுத்துப் போட்டிருக்கும். வீட்டுக் கிட்டில் சில ஓட்டைகளை வாங்கியவரே போட வேண்டும். ஒரு பக்க ஓட்டையும் மறுபக்க ஓட்டையும் நேர்கோட்டில் இல்லாவிட்டால், பின் கோணலாக ஏறும், மாட்டும், உடையும். அதனால்தான் இது ‘சின்ன பார்ட் தானே’ என்று விடக்கூடிய விஷயம் இல்லை. தெரிந்த ரிப்பேர்காரரிடம் போவதுதான் முறை.

புதுப் பின் வாங்க லைசென்ஸ் வேண்டாமா?

வேண்டாம். இங்கேதான் நம் ஊர் வாசகர்களுக்கு ஆச்சரியம் வரும்.

1968-ம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பாகங்களில் ‘ஃபிரேம்’ அல்லது ‘ரிசீவர்’ மட்டுமே துப்பாக்கியாகக் கணக்கு. அதாவது, சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் அமைப்பு உட்காரும் உடல் பகுதி. வரிசை எண் அதில்தான் இருக்க வேண்டும். வாங்குபவரின் பின்னணியைச் சோதிப்பதும் அதை விற்கும்போதுதான்.

குழல், ஸ்பிரிங், பின், டிரிகர்? மத்திய சட்டத்தைப் பொறுத்தவரை இவை வெறும் உதிரிபாகம். பைக்குக்கு பிரேக் ஒயர் வாங்குவது மாதிரி தபாலில் வந்துவிடும்.

எது ‘ஃபிரேம்’ என்பதே சில நேரம் வினோதமாக இருக்கும். சிக் சாவர் கம்பெனியின் பி320 மாடலில், கையில் பிடிக்கும் வெளிப்பகுதி சட்டப்படி துப்பாக்கி இல்லை. உள்ளே கழற்றி மாட்டக்கூடிய ஒரு சின்ன உலோகக் கூடுதான் துப்பாக்கி. எண்ணும் அதில்தான்.

சரி, முழுசாக முடியாத ஃபிரேம்? அது ஃபிரேமா, இல்லை வெறும் பிளாஸ்டிக் துண்டா? கிட் கம்பெனிகள் ‘வெறும் துண்டு’ என்றன. அதனால் எண்ணும் போடவில்லை, பின்னணிச் சோதனையும் செய்யவில்லை.

2022 விதி என்ன சொன்னது?

2022 ஏப்ரலில் அப்போதைய அதிபர் ஜோ பைடன் அரசு புது விதியை அறிவித்தது. ஏ.டி.எஃப். எனப்படும் மத்திய ஆயுதக் கண்காணிப்பு அமைப்பு கொண்டுவந்த இந்த விதி, அதே ஆண்டு ஆகஸ்ட் 24-ல் நடைமுறைக்கு வந்தது.

* எளிதில் துப்பாக்கியாக மாற்றக்கூடிய கிட்டும் துப்பாக்கிதான். விற்பவருக்கு லைசென்ஸ், பொருளுக்கு எண், வாங்குபவருக்குப் பின்னணிச் சோதனை கட்டாயம்.
* எளிதில் முடிக்கக்கூடிய அரைகுறை ஃபிரேமும் ஃபிரேம்தான்.
* எண் இல்லாத வீட்டுத் துப்பாக்கி லைசென்ஸ் பெற்ற கடையின் இருப்புக்குள் வந்தால், கடைக்காரர் அதற்கு எண் போட வேண்டும்.

நம்ம பின் கதை இந்த மூன்றாவது புள்ளியில்தான் வருகிறது.

ரிப்பேர் கடையில் என்ன நடக்கும்?

உரிமையாளர் கொண்டுவந்த அன்றைக்கே பின்னை எடுத்து, புதுசு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டால் எண் தேவையில்லை. பதிவேட்டில் எழுதவும் வேண்டாம்.

ஆனால், ‘உள்ளே மாட்டியிருக்கு, விட்டுட்டுப் போங்க, நாளைக்கு வாங்க’ என்று கடைக்காரர் சொன்னால் கதை மாறும். துப்பாக்கியைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். 7 நாளுக்குள், அல்லது அதற்கு முன்பே திருப்பிக் கொடுப்பதாக இருந்தால் கொடுப்பதற்கு முன், எண் பொறிக்க வேண்டும். அந்த எண்ணின் முன்பகுதி கடையின் லைசென்ஸ் எண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. அதை வைத்து எந்தக் கடை என்று கண்டுபிடித்துவிடலாம். கொடுத்தவரிடமே திருப்பித் தருவதால் மறுபடி பின்னணிச் சோதனை கிடையாது.

இதெல்லாம் வேண்டாம் என்று நினைக்கும் கடைக்காரர் வேலையை ஏற்க மறுக்கலாம். அதற்கும் விதியில் இடம் உண்டு.

ஒரு எண்ணுக்கு ஏன் இத்தனை பாடு?

குற்றம் நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைத்தால், போலீஸ் எண்ணை ஏ.டி.எஃப்.-க்கு அனுப்பும். அங்கிருந்து தயாரித்த கம்பெனி, மொத்த வியாபாரி, கடை, முதலில் வாங்கியவர் என்று ஒவ்வொரு படியாகப் போவார்கள். எண் இல்லையென்றால் முதல் படியே இல்லை.

2017-ல் இப்படித் தேடச் சொல்லி போலீஸ் அனுப்பிய கோஸ்ட் கன்கள் சுமார் 1,600. 2021-ல் அது 19,000-ஐத் தாண்டியது.

இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. 2019 நவம்பர் 14 அன்று கலிபோர்னியாவின் சான்டா கிளாரிட்டாவில் உள்ள சாகஸ் உயர்நிலைப் பள்ளியில் 16 வயது மாணவன் சுட்டதில் 2 மாணவர்கள் இறந்தனர். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டான். அவன் கையில் இருந்தது கிட்டில் செய்த, எண் இல்லாத பிஸ்டல். கடைக்குப் போயிருந்தால் அந்த வயதில் பிஸ்டல் வாங்கவே முடியாது.

உச்ச நீதிமன்றத்தில் வந்த ஆம்லெட்

விதியை எதிர்த்து வழக்கு போனது. டெக்சாஸ் நீதிமன்றம் ரத்து செய்தது. விவகாரம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது.

2024 அக்டோபர் விசாரணையில் நீதிபதி சாமுவேல் அலிட்டோ கேட்டது சுவாரஸ்யம். முட்டை, நறுக்கிய இறைச்சி, குடைமிளகாய், வெங்காயம் எல்லாம் மேஜையில் இருந்தால் அது ஆம்லெட் ஆகிவிடுமா? அதற்கு நீதிபதி ஏமி கோனி பாரெட் வேறொரு கேள்வி வைத்தார். ஆம்லெட் செய்யத் தேவையான எல்லாமும் அளந்து, ஒரே கிட்டாக விற்றால்?

2025 மார்ச் 26-ல் 7-க்கு 2 என்ற கணக்கில் விதி நிலைத்தது. தீர்ப்பை எழுதியவர் பழமைவாதியாக அறியப்படும் நீதிபதி நீல் கோர்சச். பாலிமர்80 கம்பெனியின் கிட்டை அவர் உதாரணமாக எடுத்துக்கொண்டார். அதை முன்பின் பார்த்திராத ஒருவர், சாதாரணக் கருவிகளோடு யூடியூப் பார்த்து 21 நிமிடத்தில் துப்பாக்கியாக்கிவிட்டதை அவர் சுட்டிக்காட்டினார். அலிட்டோவும் கிளாரன்ஸ் தாமஸும் ஒப்புக்கொள்ளவில்லை.

எதிர்ப்பவர்கள் வாதம் என்ன?

வீட்டில் துப்பாக்கி செய்வது அமெரிக்காவில் காலனி காலத்து வழக்கம். பொழுதுபோக்காகச் செய்பவர்களை ஏன் குற்றவாளி மாதிரி நடத்த வேண்டும் என்பது ஒரு கேள்வி. ‘ஃபிரேம்’ என்று நாடாளுமன்றம் எழுதியதை, ‘ஃபிரேம் ஆகக்கூடியது’ என்று அதிகாரிகள் நீட்டலாமா என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்வி சட்டப்படி கனமானது. தாமஸின் மாறுபட்ட தீர்ப்பும் அதைத்தான் பேசியது.

இந்தியாவில் இது நடக்குமா?

நடக்காது. 1959 ஆயுதச் சட்டம், துப்பாக்கியின் பாகங்களையும் ஆயுதம் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் செய்வது மட்டும் இல்லை, தொழிலாக ரிப்பேர் செய்வதும் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, சட்டவிரோதத் தயாரிப்புக்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

சுருக்கமாக

அமெரிக்கச் சட்டத்தில் உடைந்த பின் துப்பாக்கி இல்லை. அது மாட்டியிருக்கும் உடல்தான் துப்பாக்கி. கிட் வாங்கும்போது எண் போடாமல் தப்பித்த ஒரு பிஸ்டல், எப்போதோ ஒருநாள் சின்ன பார்ட் ஒன்று உடைந்ததால் கடைப் பதிவேட்டுக்குள் வந்துவிடுகிறது. அதே பின்னை வீட்டிலேயே மாற்றிக்கொண்டால்? மத்திய விதி அந்த வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்கள் தனிச்சட்டம் போட்டதற்குக் காரணமும் அதுதான்.