பூ வரைந்தவரின் கோட்பாடு

ஓவிய வகுப்பின் முதல் நாளில் வண்ணச் சக்கரம் வரைந்தோம். சிவப்பு, மஞ்சள், நீலம் முதன்மை நிறங்கள். இரண்டிரண்டாகக் கலந்தால் ஆரஞ்சு, பச்சை, ஊதா. எதிரெதிர் நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக்காட்டும். இதற்காகச் சொல்லப்பட்ட பெயர்கள் நியூட்டன், கதே, இட்டென். பெண் ஒருவர்கூட இல்லை.

பல ஆண்டுகள் கழித்தே மேரி கார்ட்சைடைப் பற்றிப் படித்தேன். இங்கிலாந்தில் பூக்கள் வரைந்தவர், பெண்களுக்கு நீர்வண்ணம் கற்பித்தவர். லண்டன் ராயல் அகாதமியின் பள்ளி 1860 வரை மாணவிகளைச் சேர்க்கவில்லை. பெண்களுக்கு விடப்பட்டது பூ. அந்தப் பூக்களிலிருந்தே நிறங்களின் உறவை அவர் ஆராய்ந்தார். 1805இல் வெளிவந்த அவரது நூலில் உருவமற்ற வண்ணத் திட்டுகள் இருக்கின்றன, கையால் தீட்டப்பட்டவை. பூவை நீக்கிவிட்டு நிறத்தை மட்டும் பார்க்க வைக்கும் திட்டுகள். 1808இல் அதை மறுபடி வெளியிட்டபோது, ‘புதிய வண்ணக் கோட்பாடு’ என்று தலைப்பிலேயே துணிந்து எழுதினார். கதேயின் வண்ண நூல் வந்தது 1810இல்.

இருந்தும் அவர் பூ வரைந்த பெண்மணியாகவே ஒதுக்கப்பட்டார். பெண்ணுக்குக் கைவேலை, ஆணுக்குக் கோட்பாடு என்ற பாகுபாட்டை, வண்ணச் சக்கரத்தோடு சேர்த்து நானும் கேள்வியின்றிக் கற்றிருந்தேன். இன்று என் மாணவிகளுக்குச் சக்கரம் வரையக் கற்றுத்தரும்போது, கார்ட்சைடின் பெயரையும் சொல்லியே தொடங்குகிறேன்.