புதிய ஆசிரியருக்கும் ஒரு துணை வேண்டும்



தோட்டத்தில் புதிதாகப் பால்மரம் சீவ வருபவரிடம் முதல் நாளே ஒரு நிரையை ஒப்படைத்துவிட்டு நாம் போய்விடுவோமா? மாட்டோம். அனுபவப்பட்டவர் ஒருவர் பக்கத்தில் நின்று, கத்தியை எப்படிப் பிடிப்பது, பட்டையில் எவ்வளவு ஆழம் வெட்டுவது என்று காட்டித் தருவார். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம் விழும். மறுபட்டை சரியாக வளராது. மரத்துக்கே இவ்வளவு கவனம் வேண்டுமென்றால், பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்க வரும் புதிய ஆசிரியருக்கு எவ்வளவு பழக்கம் வேண்டும்? அமெரிக்காவின் பெரிய நகரங்கள் இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாற்றை இன்று சொல்ல விரும்புகிறேன்.

1957ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் செயற்கைக் கோளை விண்ணில் செலுத்தியது. அதன் எடை 83.6 கிலோகிராம்தான். ஆனால் அமெரிக்க மக்கள் திடுக்கிட்டுப் போனார்கள். "நம் பள்ளிகளில் விஞ்ஞானம் பின்தங்கிவிட்டது" என்ற குரல் நாடெங்கும் எழுந்தது. 1958 செப்டம்பர் 2ஆம் நாள் அதிபர் ஐசன்ஹோவர் தேசியத் தற்காப்புக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பள்ளிகளுக்கு ஆய்வுக் கருவிகள் வாங்கப் பணம் கிடைத்தது. தேசிய விஞ்ஞான அறநிறுவனத்தின் உதவியால் ஆசிரியர்கள் பலர் கோடை விடுமுறையில் பல்கலைக்கழகங்களுக்குச் சென்று பௌதிகம், இரசாயனம், கணிதம் ஆகிய பாடங்களை மீண்டும் கற்றார்கள்.

இவை யாவும் நல்ல காரியங்கள்தாம். ஆயினும் ஒரு குறை இருந்தது. பாடம் தெரிந்தவர் எல்லாரும் பாடம் சொல்லித் தர வல்லவர் ஆகிவிடுவதில்லை. நகரத்தின் ஏழைப் பகுதிகளில் இருந்த உயர்நிலைப் பள்ளிகளில் வகுப்புகள் நிரம்பி வழிந்தன. அங்கே அனுப்பப்பட்ட புதியவர்கள் நிலைக்கவில்லை.

1963ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் கார்டோசோ உயர்நிலைப் பள்ளி வேறொரு வழியைக் கண்டது. கறுப்பின மாணவர்கள் பயின்ற பள்ளி அது. அதன் தலைமையாசிரியை பெனெட்டா வாஷிங்டன் அம்மையார். அமைதிப் படையில் வெளிநாடுகளில் தொண்டாற்றித் திரும்பிய இளைஞர்களை அங்கே பயிற்சி ஆசிரியர்களாகச் சேர்த்தார்கள். (இதே அமைதிப் படையினர் 1962 முதல் 1983 வரை நம் நாட்டுக்கும் வந்தார்கள், அவர்களில் பலர் இடைநிலைப் பள்ளிகளில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பித்தார்கள்.) கார்டோசோவில் இவர்களுக்கு முழு வேலைச் சுமை கொடுக்கப்படவில்லை. நாளின் ஒரு பகுதியில் மட்டும் வகுப்பு எடுத்தார்கள். அனுபவமிக்க ஆசிரியர் பக்கத்திலிருந்து கவனித்துத் திருத்தினார். பள்ளி முடிந்தபின் பல்கலைக்கழகப் பாடம் நடந்தது. மாணவர்கள் வாழ்ந்த தெருக்களையும் அறிந்துகொண்டார்கள். 1965இல் அமெரிக்க அரசு தேசிய ஆசிரியர் படையை அமைத்தபோது இந்தப் பள்ளியே அதற்கு முன்மாதிரியாக விளங்கியது.

நேயர்களே, இந்த வரலாற்றைப் படித்தபோது என் முதல் ஆண்டு நினைவுக்கு வந்தது. பயிற்சிக் கல்லூரியில் நல்ல புள்ளிகள் பெற்றுத்தான் தோட்டப் பள்ளிக்குப் போனேன். காற்று இல்லாமல் தீ எரியாது என்று காட்ட மெழுகுவர்த்தியை ஏற்றினேன். குவளையைக் கவிழ்ப்பதற்குள் சன்னல் காற்றில் அது அணைந்துவிட்டது. மறுபடி ஏற்றினேன், மறுபடி அணைந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த வகுப்பிலிருந்த மூத்த ஆசிரியர் மாலையில் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, பிள்ளைகளுக்குக் காட்டப்போவதை முதல் நாளே அதே அறையில் செய்து பார்த்துவிடு" என்றார். கல்லூரியில் யாரும் எனக்குச் சொல்லாத பாடம் அது. அவர் இல்லாவிட்டால் நான் இந்த வேலையில் நீடித்திருப்பேனா என்பது சந்தேகமே.

அமெரிக்காவில் தேசிய ஆசிரியர் படை 1980களின் தொடக்கத்தில் கலைக்கப்பட்டது. பழைய குறையோ தீரவில்லை. 2001இல் ரிச்சர்ட் இங்கர்சால் என்ற சமூகவியல் அறிஞர் ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். ஆசிரியர் பற்றாக்குறைக்கு ஓய்வு பெறுவோர் முக்கிய காரணம் அல்லர். ஓய்வு வயதுக்கு முன்பே பள்ளியை விட்டுப் போகிறவர்களே காரணம். ஓட்டை வாளியில் எவ்வளவு தண்ணீர் ஊற்றி என்ன பயன்? அதே பாடத்தைக் கற்பிக்கும் மூத்த ஆசிரியர் துணை நின்றால் புதியவர்கள் விலகுவது குறைகிறது என்றும் அவர் பின்னர் மற்றோர் ஆய்வாளருடன் சேர்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

2002இல் ராபர்ட் நாய்ஸ் உபகாரச் சம்பளத் திட்டம் பிறந்தது. விஞ்ஞானமும் கணிதமும் பயிலும் மாணவர் இதைப் பெறலாம். பெறும் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஈடாக, வசதி குறைந்த பகுதிப் பள்ளிகளில் 2 ஆண்டுகள் கற்பிக்க வேண்டும். 2003இல் பாஸ்டன் நகரம், புதியவர் ஓராண்டு முழுதும் மூத்த ஆசிரியரின் வகுப்பிலேயே இருந்து பழகும் முறையைத் தொடங்கியது. 40 ஆண்டுகளுக்கு முன் கார்டோசோ கண்ட வழிதான் இது!

இது நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். என்னிடம் படித்த கெட்டிக்காரப் பையன் ஒருவன் பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் போனான். ஒரே ஆண்டில் அவனுக்கு மூன்று விஞ்ஞான ஆசிரியர்கள் மாறினார்கள். "சந்தேகத்தை யாரிடம் கேட்பது சார்?" என்று என்னிடம் வந்து நின்றான். பின்னர் விஞ்ஞானப் பிரிவையே விட்டுவிட்டான். அவன் அறிவில் குறை இல்லை.

ஆகவே பெற்றோர்களே, பெரட்டுக்குப் போகும் அவசரத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். பிள்ளையின் புள்ளிகளை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். "புதிதாக வந்திருக்கும் விஞ்ஞான ஆசிரியருக்குத் துணையாக யார் இருக்கிறார்?" என்றும் கேளுங்கள். அந்த ஆசிரியரைச் சந்தித்து இரண்டு நல்ல வார்த்தை பேசுங்கள். அவர் நிலைத்தால்தான் நம் பிள்ளைகளின் படிப்பும் நிலைக்கும்.