வெறிநாய்க்கடித் தடுப்பூசி

வெறிநாய்க்கடி எனப்படும் ரேபீஸ் நோய்க்கு எதிராக, பெரும்பாலும் கடிபட்ட பின்னரே போடப்படும் தடுப்பூசி. இந்நோயின் வைரஸ் காயத்திலிருந்து நரம்புகளின் வழியே மூளைக்குச் சென்று சேரப் பொதுவாகச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். அதற்குள் உடலில் எதிர்ப்பாற்றலை உண்டாக்கிவிடலாம் என்பதே இதன் அடிப்படை.

பாரிசில் லூயி பாஸ்தரும் எமீல் ரூவும் நோயுற்ற முயல்களின் தண்டுவடத்தைக் குடுவைகளில் தொங்கவிட்டு உலர்த்தினர். உலர உலர அதன் வீரியம் குறைந்தது. 1885 ஜூலை 6 அன்று, நாய் குதறிய ஒன்பது வயது ஜோசப் மைஸ்டருக்கு அதை ஊசியாகப் போடுவது தொடங்கியது. பாஸ்தர் மருத்துவர் அல்லர் என்பதால் ஊசி போட்டவர் கிராஞ்சே என்ற மருத்துவர். வீரியம் குறைந்ததில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி 13 ஊசிகள் போடப்பட்டன; சிறுவன் பிழைத்தான். இதே முறையை விலங்குகளில் முழுமையாகச் சோதித்து முடிக்கும் முன்பே பாஸ்தர் துணிந்தார் என்பதை அவருடைய ஆய்வேடுகள் பின்னாளில் காட்டின. புகழுரைகள் இதை அதிகம் பேசுவதில்லை.

இந்தியாவில் 1900-இல் கசௌலியிலும், ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வரின் நன்கொடையால் 1907-இல் நீலகிரியின் குன்னூரிலும் பாஸ்தர் நிலையங்கள் அமைந்தன. அதுவரை தென்னிந்தியாவில் கடிபட்டவர்கள் இமயமலை அடிவாரத்துக் கசௌலி வரை ரயிலேற வேண்டியிருந்தது. 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள், வைரஸ் ஏறிய விலங்கு மூளையைப் பீனாலால் செயலிழக்கச் செய்து, எளிதில் தயாரிக்கவும் வெளியூர்களுக்கு அனுப்பவும் கூடிய தடுப்பூசியை உருவாக்கினார். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று ஊரெல்லாம் அஞ்சியது இதைத்தான். வலியைவிடப் பெரிய தீங்கும் இதில் இருந்தது. விலங்கு மூளையிலுள்ள மயலின் என்னும் நரம்புறைப் பொருளுக்கு எதிராகக் கிளம்பும் எதிர்ப்பாற்றல் சிலருக்குச் சொந்த நரம்பு மண்டலத்தையே தாக்கி, பக்கவாதத்திலும் மரணத்திலும் முடிந்தது.

தலையிலும் முகத்திலும் ஆழமாகக் கடிபட்டவர்களுக்குத் தடுப்பூசி மட்டும் போதாது என்பது 1954-இல் ஈரானில் தெளிவானது. ஒரே ஓநாய் 29 பேரைக் கடித்திருந்தது. தடுப்பூசியோடு, ஆயத்த எதிர்ப்பொருள் கொண்ட எதிர்ச்சீரமும் பெற்றவர்களே அதிகம் பிழைத்தனர்.

மூளைத் திசுவைக் கைவிட வழி திறந்தது செல் வளர்ப்பு முறை. பிலடெல்பியாவின் விஸ்டர் நிலையத்தில் கொப்ரோவ்ஸ்கியும் விக்டரும் பிளாட்கினும் மனித செல்களில் வைரசை வளர்த்தனர். பின்னர் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல்கள் செலவைக் குறைத்தன. உலக சுகாதார நிறுவனம் 1980-களிலேயே மூளைத்திசுத் தடுப்பூசியைக் கைவிடச் சொன்னபோதும், இந்தியா 2004 இறுதியில்தான் அதை நிறுத்தியது. இத்தனை காலத் தாமதத்துக்கு விலையைத் தவிர வேறு நியாயம் காண்பது கடினம்.

இன்று கைத்தசையிலோ தோலுக்குள்ளோ நான்கைந்து தவணைகளில் ஊசி போடப்படுகிறது. காயத்தை உடனே சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுவதும், ரத்தம் கசியும் கடிகளுக்கு ஆயத்த எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலின் செலுத்துவதும் சிகிச்சையின் பகுதிகள். நோய்க்குறிகள் தோன்றிய பின் காப்பாற்றக்கூடிய வைரஸ் எதிர்ப்பு மருந்து எதுவும் இன்னும் நிறுவப்படவில்லை.