அமெரிக்கக் கறுப்பினத்தவரும் ஓய்வுநேர உடற்பயிற்சியும்

பிழைப்புக்கான உழைப்புக்கும் வீட்டு வேலைக்கும் புறம்பாக, ஒருவர் தம் விருப்பத்தின்பேரில் நடத்தல், ஓடுதல், நீந்துதல் முதலியவற்றில் ஈடுபடுவது ஓய்வுநேர உடற்பயிற்சியாகும். வயதுவந்தோர் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான பயிற்சி செய்தல் வேண்டும் என்று ஐக்கிய அமெரிக்க அரசாங்கம் 2008-இல் அறிவுறுத்தியது. இதற்கு வேண்டுவன இடம், அவகாசம், அச்சமின்மை என்னும் மூன்றே. அந்நாட்டுக் கறுப்பின மக்களுக்கோ இம்மூன்றும் நெடுங்காலம் மறுக்கப்பட்டு வந்தன.

நீச்சலின் சரித்திரம் இதற்குத் தக்க சான்றாகும். 1919 ஜூலை 27ஆம் தேதி, சிக்காகோ நகரை ஒட்டிய மிச்சிகன் ஏரியில் மிதவையொன்றைப் பற்றி விளையாடிக்கொண்டிருந்த யூஜீன் வில்லியம்ஸ் என்னும் 17 வயதுக் கறுப்பினச் சிறுவன், வெள்ளையர் தமக்கென வகுத்துக்கொண்ட எல்லையை அலைப்போக்கில் கடந்துவிட்டதனால் கல்லெறிக்கு ஆளாகி, நீரில் மூழ்கி மாண்டான். அதனால் மூண்ட கலகத்தில் 38 பேர் உயிரிழந்தனர். பிற்காலத்தில், பேதமின்றி யாவரையும் அனுமதிக்க வேண்டுமென்று நியாயஸ்தலங்கள் ஆணையிட்டபோது, நகரங்கள் பல தம் பூங்காக்களையும் குளங்களையும் அடியோடு மூடிவிட்டன. மிசிசிப்பி மாநிலத் தலைநகரான ஜாக்ஸன் இவ்வாறு குளங்களை மூடியது அரசியல் சட்டத்துக்கு விரோதமன்று என 1971-இல் உச்ச நீதிமன்றம், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து, தீர்ப்பளித்தது. நீந்தக் கல்லாத பெற்றோர் தம் மக்களையும் நீரண்டை விடாராதலின், மூடிய கதவின் விளைவு தலைமுறை கடந்து தொடர்ந்தது: 2017-இல் வெளியான கணக்கெடுப்பொன்றின்படி கறுப்பினக் குழந்தைகளில் நூற்றுக்கு 64 பேர் நீச்சலே அறியாதவர் அல்லது அற்பமாக அறிந்தவர்.

நிலத்திலும் நிலைமை வேறன்று. 1930களில் அரசாங்க வீட்டுக்கடன் நிறுவனம் வரைந்த நகரப் படங்களில், கறுப்பினத்தவர் வசித்த பேட்டைகள் கடனுக்குத் தகாதவையெனச் சிவப்பு வர்ணம் தீட்டப்பட்டன. அவற்றுள் பல இன்றும் மரநிழல் குறைந்து வெப்பம் மிகுந்தே காணப்படுகின்றன. குறைந்த கூலிக்கு நெடுநேரம் உழைப்போருக்கு அவகாசமும் அரிது. தெருவில் ஓடுதலும் ஆபத்தின்றி இல்லை: 2020 பிப்ரவரியில் ஜார்ஜியா மாநிலத்தில் ஓடிக்கொண்டிருந்த அகமத் ஆர்பரி என்னும் 25 வயதுக் கறுப்பின இளைஞரை வெள்ளையர் மூவர் வண்டிகளில் துரத்த, அவர்களுள் ஒருவர் சுட்டுக் கொன்றார், மூவரும் மறு ஆண்டு கொலைக் குற்றவாளிகளெனத் தீர்மானிக்கப்பட்டனர்.

பெண்களுக்கு மற்றுமொரு தடையுண்டு. சுருண்ட கூந்தலை நீட்டிப் படியவைத்தாலன்றி உத்தியோகத்துக்கு ஏற்ற தோற்றமன்று எனக் கருதும் சமூகத்தில், பல மணி நேரமும் பெரும் பணமும் செலவிட்டுச் சீர்செய்த கூந்தல் வியர்வை பட்டதும் மீண்டும் சுருண்டுவிடும். இதற்கஞ்சிப் பெண்கள் பயிற்சியைத் தவிர்ப்பதைத் தேசத்தின் தலைமை மருத்துவ அதிகாரியாயிருந்த ரெஜினா பெஞ்சமின் 2011-இல் பகிரங்கமாக எடுத்துரைத்தார். அடர்ந்த கூந்தலுக்கென அமைந்த நீச்சல் தொப்பியொன்றைச் சர்வதேச நீச்சல் சம்மேளனம் 2021-இல் மறுத்து, 2022-இல்தான் அங்கீகரித்தது.

இத்தனை தடைகளுக்கிடையிலும் முயற்சி ஓயவில்லை. கறுப்பினப் பெண்களை அன்றாட நடைக்கு அணிதிரட்டும் கேர்ல்டிரெக் இயக்கம் 2010-இல் தோன்றியது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கறுப்பின வீராங்கனை சிமோன் மேனுவல் 100 மீட்டர் நீச்சலில், கனடிய வீராங்கனை ஒருவரோடு சமநிலையில், தங்கம் வென்றார். ஆயினும், தனிமனிதரின் உறுதியைக் காட்டி அரசாங்கம் தன் பொறுப்பைத் தட்டிக்கழித்தல் நியாயமாகாது. குளங்களையும் பூங்காக்களையும் மூடியது பொது அதிகாரமே. அவற்றைத் திறந்து, கட்டணமின்றி நீச்சல் கற்பித்து, அச்சமின்றி நடமாட வழிசெய்வதும் அதன் கடமையே.